கட்டில் யாருடையது, எலி யாருடையது

1842 செப்டம்பர் மாதம். சர் தாமஸ் மாரபிள் என்ற ஆங்கிலக் கனவான் குடும்பத்தோடு கடல்காற்று வாங்க பிரைட்டன் நகரத்துக்குப் போகிறார். பிரன்ஸ்விக் பிளேஸ் என்ற தெருவில் ஒரு வீடு அமைகிறது. கட்டில், மெத்தை, மேஜை, நாற்காலி எல்லாம் போட்டுவைத்த வீடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினால் போதும். ஐந்தாறு வாரம் இருப்பதாகப் பேச்சு. வாடகை வாரத்துக்கு 8 கினி. தென் இங்கிலாந்தில் அன்றைக்கு ஒரு விவசாயக் கூலிக்கு வாரத்துக்குப் பத்து ஷில்லிங் கையில் வந்தால் பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் அவன் நான்கு மாதம் உழைத்துச் சம்பாதிப்பதை மாரபிள் ஒரே வாரத்துக்குக் குடக்கூலியாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

குடிபோன கையோடு மாரபிள் சீமாட்டி உடம்பைச் சொறிய ஆரம்பித்துவிட்டார். வீடு முழுக்க மூட்டைப்பூச்சி. வீட்டுக்காரர் ஸ்மித்தின் மனைவிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த அம்மாள் ஆள் விட்டு ஏதோ செய்து பார்த்தார், பூச்சி போகவில்லை. அதன்பிறகு மாரபிள் சீமாட்டி எழுதிய கடிதம் தீர்ப்புத் தொகுப்பிலேயே இருக்கிறது. நாங்கள் படுக்கும் அறைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பூச்சி மண்டிக் கிடக்கிறது, இருக்க முடியாது, வேறு வீடு கிடைத்ததும் போகிறோம், ஒரு வார வாடகை தருகிறோம் என்பது அதன் சாரம். சொன்னபடியே போய்விட்டார்கள். ஸ்மித் சும்மா இருப்பாரா? பேசிய மீதி வாரங்களுக்கும் வாடகை கேட்டு வழக்குப் போட்டார்.

ஸ்மித் எதிர் மாரபிள், 1843. சட்டக்கல்லூரியில் இந்த வழக்கை ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடுவார்கள். நான் சென்னையில் பல வருஷம் வாடகை வழக்குகளே நடத்திப் பிழைத்தவன். வீட்டுக்காரர் பக்கமும் நின்றிருக்கிறேன், குடித்தனக்காரர் பக்கமும் நின்றிருக்கிறேன். அந்த வழக்கை நான் வரிவரியாகப் படித்தது ஓய்வு பெற்றபிறகுதான். அதுவரை அதற்கெல்லாம் வாய்தாக்கள் இடம் கொடுக்கவில்லை. படித்தபோது எனக்குப் பட்டது இது: வாடகை வீட்டில் பூச்சி, எலி என்று வரும்போது சட்டம் முதலில் கொடுத்தது காலி பண்ணிக்கொண்டு போகும் உரிமையை. போக வசதியுள்ளவனுக்குத்தான் அது பிரயோஜனம். வீட்டிலேயே இருந்துகொண்டு, வாடகையை நிறுத்திவைத்து, எலியைப் பிடி என்று கேட்கிற உரிமை வர இன்னும் நூற்றிருபது வருஷம் பிடித்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் கனவான்கள் அல்ல.

லண்டனில் மூட்டைப்பூச்சி அந்தக் காலத்தில் ஏழை, பணக்காரன் என்று பார்க்கவில்லை. பூச்சியை ஒழிப்பதே ஒரு தொழிலாக இருந்தது. ஜான் சவுத்தால் என்பவர் 1730லேயே மூட்டைப்பூச்சிக்கென்று ஒரு புத்தகம் போட்டார். ஜமைக்காவில் ஒரு கிழவரிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மருந்துத் திரவத்தை விற்பதற்கான விளம்பரம்தான் பாதிப் புத்தகம். டிஃபின் என்று ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதே வேலை. ராணிக்கே பூச்சி பிடிக்கிறவர்கள் என்று கடைப் பலகையில் எழுதிக்கொண்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ, டிஃபின் ஒருவரைப் பேட்டி கண்டு எழுதியிருக்கிறார். இளவரசி சார்லட்டின் கட்டிலிலேயே ஒரு பூச்சியைப் பிடித்ததாக டிஃபின் பெருமையடிக்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: வாசலில் கோச்சு வண்டி நிற்கிற தரத்து வீடுகளுக்குத்தான் நாங்கள் வேலைக்குப் போவோம். பூச்சி எல்லார் வீட்டிலும் இருந்தது. பூச்சி பிடிக்கிறவர் மட்டும் சில வீடுகளுக்குத்தான் வந்தார்.

மாரபிள் வழக்கு லார்டு அபிங்கர் முன்னால் ஜூரியோடு நடந்தது. ஜூரி மாரபிள் பக்கம் சொன்னது. விசாரணை சரியில்லை, மறுபடி நடத்த வேண்டும் என்று ஸ்மித் தரப்பு மேலே போனது. அங்கே நீதிபதி ஜேம்ஸ் பார்க் பழைய தீர்ப்புகளை அடுக்கி, குடியிருக்கத் தகுதியில்லாத வீட்டைக் குடித்தனக்காரர் விட்டுவிட்டுப் போகலாம், மீதி வாடகை தர வேண்டியதில்லை என்றார். அதே அமர்வில் இருந்த அபிங்கர் அந்தச் சிரமமே படவில்லை. இதற்கு முன்னுதாரணம் எதற்கு, பொது அறிவே போதும் என்பது அவர் கட்சி. சாமான் போட்ட வீட்டை வாடகைக்கு விடுகிறவன் அது குடியிருக்க லாயக்கானது என்று சொல்லாமலே ஒப்புக்கொள்கிறான். அந்த வீட்டில் கொஞ்ச நாளைக்கு முன் யாரோ பிளேக்கிலோ செங்காய்ச்சலிலோ செத்துப்போனது பிறகு தெரிந்தால், அங்கேயே கிட என்று சட்டம் சொல்லுமா என்று கேட்டார். நான் அறிந்த நீதிபதிகளில் அபிங்கர் ரகத்து ஆட்கள் குறைவு. இருந்தவர்களின் தீர்ப்பு அப்பீலில் அடிபட்டுப்போகும்.

இதுவும் அடிபட்டது. ஆனால் அடித்தவர் யார் என்பதில்தான் வேடிக்கை.

அதே 1843ல், அதே நீதிமன்றத்துக்கு இரண்டு வழக்குகள் வந்தன. சட்டன் எதிர் டெம்பிள் என்பது மேய்ச்சல் நில வழக்கு. குத்தகைக்கு எடுத்த புல்வெளியில் மாடு மேய்ந்தது. எருவோடு கலந்து கிடந்த பழைய பெயின்ட் கழிவைத் தின்று செத்தது. நிலத்துக்காரனுக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. ஹார்ட் எதிர் விண்ட்சர் என்ற மற்றொன்றில் மறுபடியும் மூட்டைப்பூச்சி, மறுபடியும் விட்டுவிட்டுப் போன குடித்தனக்காரர். நாற்றமெடுக்கும் அந்த ஜந்துக்கள் வீடு நிறைய மொய்க்கின்றன என்று எதிர்வாதத்தில் விலாவாரியாக எழுதியிருந்தார்கள். இந்த முறை தீர்ப்பை வாசித்தவர் அதே ஜேம்ஸ் பார்க். மாரபிள் வழக்கில் தாம் நம்பி எடுத்த பழைய தீர்ப்புகள் சட்டப்படி நிற்காதவை என்று தாமே சொல்லி, குடித்தனக்காரரைத் தோற்கடித்தார்.

அப்படியானால் மாரபிள் ஜெயித்தது? அது சாமான் போட்ட வீடு, விண்ட்சர் வீடு வெறும் வீடு என்று பிரித்துவிட்டார்கள். கட்டில் வீட்டுக்காரருடையது என்றால் அதிலுள்ள பூச்சியும் அவருடையது. கட்டிலைக் குடித்தனக்காரர் கொண்டுவந்தால் அவர் பாடு. சாமானோடு சில வாரத்துக்கு வீடு பிடிக்கிறவன் யார், வருஷக்கணக்கில் வெறும் வீட்டில் தன் பாயை விரித்துப் படுக்கிறவன் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னால் இருந்த தத்துவம் வயற்காட்டுத் தத்துவம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் அந்தக் காலம் முடியும்வரை அது உன் நிலம். மழை பெய்தாலும் காய்ந்தாலும் குத்தகை கொடு. நிலத்தின் மேல் ஒரு வீடு நின்றால் அது கொசுறு. வாடகை தருகிறேன் என்ற வாக்கு தனி, பழுது பார்க்கிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தால் அது தனி. அவர் வாக்குத் தவறினாலும் நீ வாடகையைக் கட்டிவிட்டுத் தனியாக வழக்குப் போடு. மோசடி செய்யாதவரை இடிந்து விழுகிற வீட்டை வாடகைக்கு விடுவதைத் தடுக்கும் சட்டமே இல்லை என்று 1863ல் ஓர் ஆங்கில நீதிபதி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

இந்தச் சரக்குதான் கப்பலேறி நம்மிடம் வந்தது. 1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 108வது பிரிவு. கண்ணுக்குத் தெரியாத பெரிய குறை சொத்தில் இருந்து, அது வீட்டுக்காரருக்குத் தெரிந்தும் இருந்தால், அவர் சொல்லிவிட வேண்டும். தீ, புயல், வெள்ளம், படையெடுப்பு, கலகக்கும்பல் இவற்றால் வீடு நிரந்தரமாக உபயோகமற்றுப் போனால் குடித்தனக்காரர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். படையெடுப்புக்குக்கூட இடம் வைத்தவர்கள் பெருச்சாளிக்கு வைக்கவில்லை. அதே பிரிவில், தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதை நோட்டீஸ் கொடுத்தும் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடித்தனக்காரரே செய்து வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. படிக்க இனிப்பாக இருக்கும். ‘கடமைப்பட்ட’ என்று ஒரு கொக்கி போட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாத வரைக்கும் அவருக்கு என்ன கடமை என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நிற்பார். நானே அப்படி எழுந்து நின்றிருக்கிறேன்.

1980களில் ஒரு நாள். திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோர் வீடு: நடுவில் முற்றம், சுற்றிலும் ஒண்டுக்குடித்தனங்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு கிணறு, கொல்லைப்பக்கம் சாக்கடை. அங்கே குடியிருந்த ஒரு விதவை அம்மாள் தம்புச் செட்டித் தெருவில் இருந்த என் அறைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. "நான் வாயால சொன்னா நம்ப மாட்டேன்றீங்களே வக்கீல் சார், இதைப் பாருங்க" என்று பையை மேஜைமேல் கவிழ்த்தார். உள்ளே பெருச்சாளி. முழங்கை நீளம், விறைத்துப் போயிருந்தது. என் குமாஸ்தா வராந்தாவுக்கே ஓடிவிட்டார். அந்த அம்மாளின் சமையலறைத் தரையில் சிமென்ட் பெயர்ந்து மண்தான் இருந்தது. அடுப்படிக்குக் கீழே பெருச்சாளி வளை தோண்டி, அரிசி டின்னே ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. ராத்திரி பேரப்பிள்ளையின் கால் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "பெருச்சாளியை நானா வளர்க்கிறேன்? பிடிக்கலைன்னா காலி பண்ணும்மா" என்கிறார். காலி பண்ணினால் அந்த வாடகைக்கு வேறு இடம் சென்னையில் கிடையாது. அவருக்கும் அது தெரியும், இவருக்கும் தெரியும்.

1960ம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அவசியமான பழுதை வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடித்தனக்காரர் செய்து வாடகையில் கழித்துக்கொள்ள வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் அனுமதி தரலாம் என்று 22வது பிரிவு சொன்னது. பெருச்சாளியைப் பற்றிப் பேசினால் கேஸ் நிற்காது என்று எனக்குத் தெரியும். மனுவில் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையைப் பற்றி எழுதினேன். கமிஷனராக ஓர் இளம் வக்கீல் போய், டேப் வைத்து வளையின் அகலத்தை அளந்து, அறிக்கையில் ‘தரையில் காணப்பட்ட துவாரங்கள்’ என்று நாகரிகமாக எழுதினார். தளம் போட அனுமதி கிடைத்தது. வாடகையில் மாதாமாதம் கொஞ்சம் கழிந்தது. அடுத்த வருஷமே, என் மகன் குடியிருக்க அந்தப் போர்ஷன் வேண்டும் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி மனுப் போட்டார். அது நீண்ட கதை, இங்கே வேண்டாம்.

இங்கிலாந்துக்குத் திரும்பலாம். 1883ல் ஆண்ட்ரூ மெர்ன்ஸ் என்ற பாதிரியார் லண்டன் சேரிகளைப் பற்றிச் சிறு வெளியீடு ஒன்று போட, ஊரே பதறியது. அடுத்த வருஷம் ராயல் கமிஷன் உட்கார்ந்தது. வேல்ஸ் இளவரசர்கூட அதில் உறுப்பினர். 1885ல் சட்டம் வந்தது. தொழிலாளிகளுக்கு விடும் சின்ன வாடகை வீடு குடிபோகும்போது மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று முதல் முறையாக எழுதினார்கள். வெறும் வீட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் வாடகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள், அதற்கு மேல் போனால் பாதுகாப்பு இல்லை. அந்த வரம்பை அவ்வப்போது கூட்டினார்கள். கடைசியாக 1957ல் லண்டனுக்கு வருஷத்துக்கு 80 பவுண்டு, மற்ற இடங்களுக்கு 52 பவுண்டு என்று நிறுத்தியவர்கள் அதற்குமேல் அதைத் தொடவே இல்லை. 1985ல் சட்டத்தைத் திருத்தித் தொகுத்தபோதும் அதே 52 பவுண்டு. வாரத்துக்கு ஒரு பவுண்டில் வீடு கிடைக்கிற ஊர் அதற்குள் எங்கும் இல்லை. சட்டப் புத்தகத்தில் உரிமை உட்கார்ந்திருந்தது, அதை அனுபவிக்க ஒரு குடித்தனக்காரர்கூட மிச்சமில்லை.

எலி விஷயம் இன்னும் அழகு. 1919ல் எலி ஒழிப்புக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். எலியை ஒழிக்கும் கடமை இடத்தில் குடியிருப்பவர் தலையில் விழுந்தது, தவறினால் அபராதம். மறு வருஷம் ஸ்டான்டன் எதிர் சவுத்விக் என்ற வழக்கு. எலி வீட்டுக்குள் வருகிறது, வீடு வாழத் தகுந்ததல்ல என்பது குடித்தனக்காரர் வாதம். எலி அந்த வீட்டிலேயே குடியிருந்து பெருகினால் வேறு கதை, வெளியிலிருந்து படையெடுத்து வந்தால் அதற்காக வீட்டைக் குறை சொல்ல முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. எலியிடம் முகவரி கேட்கிற தீர்ப்பு. முன்னே கட்டில் யாருடையது என்று கேட்டவர்கள் இப்போது எலி யாருடையது என்று கேட்டார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம்.

1930களில் சேரிகளை இடித்து ஜனங்களை நகராட்சி வீடுகளுக்கு மாற்றியபோது, சாமான்களை நேரே புதுவீட்டில் இறக்க விடவில்லை. மூடிய வண்டிகளில் ஏற்றி, ஹைட்ரஜன் சயனைடு புகை போட்டபிறகுதான் இறக்கினார்கள். தெருவே பார்க்க வண்டி வந்து நிற்கும். பூச்சி போனது. ஆனால் ஏழை என்றால் பூச்சியைக் கூடக் கொண்டுவருபவன் என்ற முத்திரை விழுந்ததும் அங்கேதான்.

இனி அமெரிக்கா. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களுக்கு விடப்பட்டிருந்தவை இருண்ட, நெரிசலான பழைய மாடிக்கட்டடங்கள். குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய் செத்துக் கிடக்கும், சுவரில் ஓட்டை, ஓட்டையில் எலி. தூங்கும் குழந்தையை எலி கடித்தது என்பது அங்கே செய்தியே இல்லை. வேறு பேட்டைக்குப் போகலாம் என்றால் கறுப்பருக்கு வீடு கொடுக்க மாட்டார்கள். மாரபிளுக்குக் கிடைத்த உரிமையால் இவர்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

ஜெஸ்ஸி கிரே என்பவர் லூயிசியானாவில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்து, ஹார்லெமில் தங்கியவர். 1950களிலிருந்தே குடித்தனக்காரர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1963 குளிர்காலத்துத் தொடக்கத்தில் கிழக்கு 117வது தெருவிலும் அதைச் சுற்றியும் உள்ள கட்டடங்களில் வாடகை மறுப்பு ஆரம்பித்தது. வாடகை கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் உடனே வெளியேற்ற வழக்குப் போடுவார். அதுதான் அவர் கையிலுள்ள பிரம்பு. டிசம்பர் கடைசியில் வழக்கு நீதிபதி கை கில்பர்ட் ரிபாடோ முன்னால் வந்தது. சாட்சியாகக் குடித்தனக்காரர்கள் செத்த எலிகளை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்தார்கள். திருவல்லிக்கேணி அம்மாளுக்கு ஹார்லெம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. கடைசிக் கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வரும் போலிருக்கிறது.

நீதிபதி செய்தது சின்னக் காரியம்போலத் தெரியும். வாடகையை வீட்டுக்காரரிடம் தராதே, நீதிமன்றத்தில் கட்டு, வீடு சீரானபிறகு பார்க்கலாம் என்றார். சட்டத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு பிரிவு இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் இல்லை. வாடகைக் கோர்ட்டில் காலம் தள்ளியவனுக்கு அதன் கனம் புரியும். பணத்தைக் கட்டிவிட்டான், ஆகவே பாக்கிக்காரன் இல்லை. பணம் வீட்டுக்காரர் கைக்குப் போகவில்லை, ஆகவே வலி அவருக்கு. குடித்தனக்காரர் வீட்டிலேயே இருக்கிறார். நம் 1960ம் வருஷத்துச் சட்டத்திலும், வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்தால் கோர்ட்டில் கட்டலாம் என்று வழி இருந்தது. ஆனால் அது குடித்தனக்காரர் தற்காத்துக்கொள்கிற வழி. ஹார்லெமில் அதைத் திருப்பிப் பிடித்தார்கள்.

செய்தி பரவியது. 1964 தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் சேர்ந்துவிட்டன என்று கிரே சொன்னார். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லுகிறார் என்று எதிரிகள் சொன்னார்கள். இயக்கம் நடத்துகிறவர் குறைத்துச் சொல்லிப் பார்த்ததில்லை நான். மாநில ஆளுநர் ராக்கஃபெல்லருக்கு ரப்பர் எலிகளைத் தபாலில் அனுப்பினார்கள். வசந்தம் வந்ததும் வேகம் தணிந்தது. நிறைய கட்டடங்களில் ஒன்றும் மாறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாடகை வரவில்லை என்றதும் கட்டடத்தையே கைகழுவிய வீட்டுக்காரர்கள் உண்டு. ஆனால் 1965ல் மாநிலச் சட்டம் திருந்தியது. ஒரு கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு குடித்தனக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தால், நீதிமன்றம் ஒரு நிர்வாகியைப் போட்டு, வாடகையை அவர் வசூலித்து அதிலேயே பழுதும் பார்க்கலாம், எலியும் பிடிக்கலாம்.

பிறகு எலி வாஷிங்டனுக்கே போனது. 1967ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், நகரங்களில் எலி ஒழிக்க 4 கோடி டாலர் ஒதுக்கும் மசோதாவை அனுப்பினார். ஜூலை 20ம் தேதி பிரதிநிதிகள் சபையில் அதை எடுத்தபோது சபை சிரிப்பில் உருண்டது. சிவில் ரைட்ஸ் மசோதாபோல இது ‘சிவில் ராட்ஸ்’ மசோதா என்றார்கள். நிறைய பூனை வாங்கி அவிழ்த்துவிட்டால் போகிறது என்றார் ஃப்ளோரிடா உறுப்பினர் ஒருவர். மிச்சிகன் உறுப்பினர் மார்தா கிரிஃபித்ஸ் எழுந்து, சரித்திரத்தில் தளபதிகள் எல்லாரும் சேர்ந்து கொன்றவர்களைவிட எலி கொன்ற மனிதர்கள் அதிகம் என்று கண்டித்துப் பேசிப் பார்த்தார். மசோதாவை விவாதத்துக்கு எடுப்பதையே 207க்கு 176 என்று தள்ளிவிட்டார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் நியூவார்க் நகரம் கலவரத்தில் எரிந்து அடங்கியிருந்தது. மூன்றே நாளில் டெட்ராய்ட் எரிந்தது. ஆகஸ்ட் 7ம் தேதி ஜெஸ்ஸி கிரே ஆட்களோடு சபையின் பார்வையாளர் மாடத்துக்கே போய், எலி மசோதா வேண்டும் என்று முழக்கமிட்டார். காவலர்கள் இழுத்து வெளியே போட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில், வேறொரு சுகாதாரச் சட்டத்தின் முதுகில் ஏற்றி அந்தப் பணத்துக்கு ஒருவழியாக வழி பண்ணினார்கள். சிரித்தவர்கள் பலருக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

தத்துவம் உடைந்தது 1970 மே மாதம், அதே வாஷிங்டனில். கிளிஃப்டன் டெரஸ் என்ற அடுக்ககத்தில் சில குடித்தனக்காரர்கள் 1966 ஏப்ரலிலிருந்து வாடகையை நிறுத்தியிருந்தார்கள். நகர வீட்டுவசதி விதிகளைச் சுமார் 1,500 இடங்களில் மீறிய கட்டடம் என்று நிரூபிக்கத் தயாராக இருந்தார்கள். கீழ்க்கோர்ட்டுகள், அதெல்லாம் வாடகை வழக்கில் சேராது என்றன. ஜாவின்ஸ் எதிர் ஃபர்ஸ்ட் நேஷனல் ரியால்டி என்ற அப்பீலில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அந்த வயற்காட்டுத் தத்துவத்தைத் தூக்கிப்போட்டார். நகரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறவனுக்கு நிலம் எதற்கு? அவன் விலைகொடுத்து வாங்குவது சுவர், வெளிச்சம், தண்ணீர், வெப்பம், சுத்தம். இது ஒரு சரக்கு வியாபாரம்; சரக்கு கெட்டுப்போனால் விலை குறையும். நகர விதிகளின்படி வீட்டை வைத்திருப்பேன் என்ற உறுதி ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் எழுதாமலே இருக்கிறது. அதை மீறினால் வாடகையில் ஒரு பகுதியோ முழுவதுமோ கழியும். ஹார்லெமையும் அந்தக் கோடைக் கலவரங்களையும் பார்க்காமல் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக வந்தன. நியூயார்க் 1975ல் அதைச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. டி.டி.டி.யால் ஒழிந்ததாக நினைத்த மூட்டைப்பூச்சி இருபதாம் நூற்றாண்டுக் கடைசியில் திரும்பி வந்தபோது அந்தச் சட்டம் கைகொடுத்தது. 2004ல் நியூயார்க் நகர சிவில் நீதிமன்றம் ஒரு மூட்டைப்பூச்சி வழக்கில் குடித்தனக்காரருக்கு வாடகையில் 45 சதவீதம் கழித்தது. கட்டில் யாருடையது என்பதை வைத்து அங்கே கணக்குப் போடவில்லை. 2010லிருந்து, கடந்த ஒரு வருஷத்தில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்று வீட்டுக்காரர் குடிவருகிறவருக்கு எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஆரம்பித்த இங்கிலாந்துதான் கடைசியில் வந்தது. வாடகை உச்சவரம்பை எடுத்துவிட வேண்டும் என்று தொழிற்கட்சி உறுப்பினர் கேரன் பக் 2015ல் கொண்டுவந்த மசோதா பேசிப்பேசியே நேரம் கடத்திக் கொல்லப்பட்டது. 2016 ஜனவரியில் வேறொரு மசோதாவுக்குத் திருத்தமாகக் கொண்டுவந்தார்கள். 312க்கு 219 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பத்திரிகைகள் எண்ணிப் போட்டன. கடைசியில் அதே கோரிக்கை 2018ல் சட்டமாக நிறைவேறி, 2019 மார்ச் 20ம் தேதி நடைமுறைக்கு வந்தது. இப்போது அங்கே சாமான் போட்ட வீடு, வெறும் வீடு, 8 கினி வாடகை, ஒரு பவுண்டு வாடகை என்ற பேதமில்லை. ஏழு வருஷத்துக்குக் குறைந்த எந்த வாடகைக் குடியிருப்பும் வாழத் தகுந்ததாக இருந்தாக வேண்டும். குடிபோகிற அன்று மட்டுமல்ல, இருக்கிற காலம் முழுக்க.

அதற்கு ஒரு மாதம்கூட முன்பில்லை, 2019 பிப்ரவரி 22ல் நம் ஊரிலும் புதுச் சட்டம் வந்தது. 1960ம் வருஷத்துச் சட்டம் போய், 2017ல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பின்னால் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். சுவர், கூரை, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர் மாற்றுவதும் வடிகால் சுத்தம் செய்வதும் குடித்தனக்காரருக்கு. எலி என்று ஒரு வரி இல்லை. வடிகால் உங்கள் பொறுப்பு, எலி வடிகால் வழியாகத்தான் வருகிறது, ஆகவே எலியும் உங்களுடையதே என்று ஒரு வக்கீல் என்றைக்காவது எழுந்து நிற்கத்தான் போகிறார். வடிகாலுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள ஓட்டை சுவரில்தானே இருக்கிறது, சுவர் யார் பொறுப்பு என்று அப்போது கேளுங்கள் என்று என் பழைய ஜூனியர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நோட்டீஸை மட்டும் ரிஜிஸ்டர் தபாலில் முதலிலேயே அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.